பொருள்: பணிப்பதிவேட்டில் திருத்தம் கோருதல், தொடர்பாக

ஐயா,
என் விடுவிப்புப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில்
தொண்ணூற்று மூன்று செப்டம்பர் தொடங்கி
பதினொரு மாதம் நான் பெங்களூரில் இருந்திருக்கிறேன்.
இருக்கவில்லை.

அந்தப் பதினொரு மாதமும் சோமாலியாவில்,
பைடோவாவுக்கு மேற்கே
குழாய்க்கிணறு போட்டுக்கொண்டிருந்தேன்.
கப்பலில் ஒன்பது நாள். அதில் ஏழு நாள் வாந்தி.
(இதைப் பதிவில் ஏற்ற வேண்டியதில்லை.)

எங்கள் திருச்செங்கோட்டில்
இப்போது ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போகின்றன.
எதிர்வீட்டு நல்லுசாமி மகன் கென்யா போய் வந்தான்.
டீக்கடையில் பாஸ்போர்ட்டை விரித்து வைத்து
முத்திரை முத்திரையாகக் காட்டுகிறான்.
“ஏனுங்க, நீங்களுமே போயிருந்தீங்களாமா?
எங்க, காட்டுங்க பாக்கலாம்.”
என்னை அனுப்பியது சர்க்கார்.
பாஸ்போர்ட் கொடுத்து அனுப்பவில்லை.

இணைப்பு ஒன்று:
மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை.
ரேஷன் கார்டு உறைக்குள் ருக்குமணி செருகி வைத்திருந்ததால்
கரையானுக்குத் தப்பியது.
இணைப்பு இரண்டு:
களத் தபால் முத்திரை குத்திய கடிதம்.
‘நானூற்றிப் பத்து அடியில் தண்ணி வந்திருச்சு’
என்ற வரியை மட்டும் படித்தால் போதும்.
மற்றது குடும்ப விஷயம்.

முதலில் புழுதிதான் வந்தது.
பிறகு செம்மண் குழம்பு.
பிறகு கம்ப்ரசர் சத்தமே மாறிப்போனது;
அந்தச் சத்தம் எங்கள் பக்கத்து ஆளுக்குத் தெரியும்,
ஹிந்தி பேசும் சுபேதாருக்குத் தெரியாது.
ஒரு பெண் மரக்குடுவையில் ஒட்டகப்பால் கொண்டுவந்தாள்.
பாலில் புகை வாசம்.
குடுவையை உள்ளே புகை போட்டுத்தான் கழுவுவார்களாம்.

தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தபோது
கிளார்க் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:
“சோமாலியா போன அர்த்தநாரி வேற ஆளு.”

உண்மை, ஐயா, கம்பெனியில் நாங்கள் இரண்டு பேர்.
எங்கள் ஊர்த் தேர்வீதியில் அர்த்தநாரி என்று கூப்பிட்டால்
நாலு பேர் திரும்புவான்.
அவன் பெ. அர்த்தநாரி, மல்லசமுத்திரம்.
கப்பல் ஏறின அன்று மஞ்சள் காமாலையில்
ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான்.
“போய்ட்டு வாடா, எம்பங்குக்கு ஒரு குழி போடு” என்றான்.
என் பதினொரு மாதமும் அந்த மெடலும்
அவன் கோப்பில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

அவன் செத்துப் பத்து வருசமாயிற்று.
ஒரு சனிக்கிழமை மல்லசமுத்திரம் போனேன்,
கேட்டு ஒரு கையெழுத்து வாங்கலாமென்று.
சுவரில் அவன் படம்.
படத்தின் ஆணியிலேயே மெடல்.
அவன் சம்சாரம் செல்லாத்தாள் மோர் கொண்டுவந்தது.
“அங்க ஒட்டகப்பால் குடிச்சாருங்களாமா.
பொகை வாசம் அடிக்கும்பாரு.
சாவற வரைக்கும் சொல்லுவாரு.”

அதை நான்தான் அவனுக்கு எழுதியிருந்தேன்.

“நீங்க போகலீங்களா?”
மோர் தீரும் வரை குடித்துக்கொண்டிருந்தேன்.
“இல்லீங்க. நான் பெங்களூர்லயே இருந்துட்டனுங்க.”

ஆகவே ஐயா,
ஒன்பதாம் பக்கத்தில் என்னை ஏற்ற வேண்டுகிறேன்.
அவனை அடிக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை.
ஒன்றை ஏற்ற ஒன்றை அடித்தே ஆகவேண்டும் என்று
விதி ஏதும் இருந்தால்
அந்த விதியின் நகலை எனக்கு அனுப்பவும்.
இரண்டு அர்த்தநாரி போனார்கள் என்று இருந்தால்
சர்க்காருக்கு ஒரு ரிப்பன், ஒரு ஊக்கு செலவு.

எங்கள் மலைமேல் சாமியே ஆளுக்குப் பாதி என்று
ருக்குமணி சமாதானம் சொல்கிறாள்.
அப்படியெல்லாம் பாதி கொடுக்க மாட்டேன்.
தண்ணி முழுக்க நான் எடுத்தது.
அவன் சொன்ன ஒரு குழியைத் தவிர.

இந்த மனுவை எழுதுவது மூன்றாம் தடவை.
முந்தின இரண்டும் தபாலில் சேரவில்லை;
தபால்காரர் மேல் குற்றமில்லை.

இப்படிக்கு,
சு. அர்த்தநாரி, முன்னாள் ஹவில்தார்,
சூரியம்பாளையம்.

‘சு’வைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.